தலம், காட்சி, முகவரி: சென்னைப் பாடல்களில் பகுதிப் பெயர்கள் பெறும் பொருள்

ஆய்வுச்சுருக்கம்

சென்னையையும் அதன் பகுதிகளையும் பாடுபொருளாகக் கொண்ட பாடல்கள் தேவாரக் காலம் முதல் இன்றுவரை கிடைக்கின்றன. இவற்றை ‘நகரைப் போற்றும் பாடல்கள்’ என ஒரே தொகுதியாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. பாடுபவர் யார், கேட்பவர் யார், இடப்பெயர் எதற்காகச் சொல்லப்படுகிறது என்னும் மூன்று வினாக்களை எழுப்பினால் இத்தொகுதி மூன்றாகப் பிரிகிறது. பக்திப் பாடல்களில் பகுதிப் பெயர் தலமாகவும், திரைப்பாடல்களில் பெரிதும் காட்சியாகவும், கானாவில் முகவரியாகவும் அமைகிறது. திருஞானசம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகத்தையும் வடசென்னையின் மரண கானாவையும் ஒப்புநோக்கி, இறந்தவரை விளித்துப் பாடும் சூழலில் இடப்பெயர் மிகுந்த பொருட்செறிவு பெறுவதை இக்கட்டுரை விளக்குகிறது. கானாவைத் தொகுப்போர் பாடலின் சொற்களோடு அதன் சூழலையும் பதிய வேண்டியதன் தேவையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சென்னை, மயிலாப்பூர், பூம்பாவைப் பதிகம், தெய்வமணிமாலை, கானா, மரண கானா, இடப்பெயர், வடசென்னை.

முன்னுரை

இலக்கியத்தில் வரும் இடப்பெயர்களை வரலாற்றாய்வாளர்கள் சான்றாகக் கொள்கின்றனர். இலக்கிய ஆய்வாளர்கள் பெரும்பாலும் பின்னணியாகக் கொள்கின்றனர். பாடலில் ஒரு தெருவின் பெயரோ குப்பத்தின் பெயரோ வரும்போது, அது அப்பாடலுக்குள் என்ன செய்கிறது என்னும் வினா இவ்விரு அணுகுமுறைகளிலும் விடுபட்டுப் போகிறது. சென்னை இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற களமாகும். 1639இல் ஆங்கிலேயக் கும்பினி கோட்டை கட்ட இடம் பெற்றதிலிருந்து நகரின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். ஆனால், இன்று அந்நகரின் பகுதிகளாக உள்ள மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவொற்றியூர், திருவான்மியூர் ஆகியவை அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடப்பெற்ற ஊர்கள். பகுதிகள் முன்னே தோன்றி, நகரம் பின்னே வந்தது. பாடல்களின் வரலாறும் இவ்வரிசையிலேயே அமைந்துள்ளது.

1. இறந்தவளை நோக்கிய பதிகம்

இன்றைய சென்னைக்குள் அடங்கும் ஒரு பகுதியின் அன்றாடத்தை விரிவாகக் காட்டும் பழைய பாடல்களுள் முதன்மையானது, இரண்டாம் திருமுறையில் இடம்பெறும் சம்பந்தரின் பூம்பாவைப் பதிகம். பதிகத்தின் பாடல்கள் பூம்பாவை என்னும் பெண்ணை விளித்து அமைகின்றன. மயிலைக் கபாலீச்சரத்தில் நடக்கும் விழா ஒன்றைச் சொல்லி, அதைக் காணாமல் போவாயோ என அவளை வினவுவதே ஒவ்வொரு பாடலின் அமைப்பு. சிவநேசர் என்னும் வணிகரின் மகள் பாம்பு தீண்டி இறந்தாள், எலும்பும் சாம்பலும் குடத்தில் வைக்கப்பட்டிருந்தன, பதிகத்தைக் கேட்டு அவள் உயிர்பெற்று எழுந்தாள் என்னும் முழு நிகழ்ச்சியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார்.

பதிகத்தில் விழாக்கள் அடுக்கப்பட்டுள்ள முறை கருதத்தக்கது. அடியார்க்கு அமுதளித்தலில் தொடங்கும் பதிகம், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என ஆறு மாத விழாக்களை மாத வரிசையிலேயே சொல்லிச் செல்கிறது. அதன்பின் அட்டமி நாள், பொற்றாப்பு, பெருஞ்சாந்தி ஆகியவை வருகின்றன. கடற்கரைப் புன்னைச் சோலையும், விழா மலிந்த வீதியும், விளக்கேற்றும் இளமகளிரும் இடையிடையே காட்டப்படுகின்றனர். இவற்றைக் கொண்டு அக்கால மயிலையின் விழா நாட்காட்டியை மீட்டெடுக்கலாம். ஆய்வாளர் பலர் அவ்வாறே செய்துள்ளனர். மயிலை கடலோடு சேர்த்துப் பாடப்பட்டிருப்பதைக் கொண்டு, பழைய கோயில் கடற்கரையில் இருந்து போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தபின் இப்போதைய இடத்தில் எழுப்பப்பட்டது எனக் கருதுவோரும் உண்டு.

இப்பட்டியல் யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதை மறந்துவிட்டால் பதிகத்தின் இயக்கம் புலப்படாது. ஊரின் சிறப்பை அயலாருக்கு எடுத்துரைப்பது இதன் நோக்கமன்று. அவ்வூரிலேயே பிறந்து, அவ்விழாக்களைக் காண வேண்டியிருந்து, காணாமல் போன ஒருத்திக்கு அவளுடைய ஊரே நினைவூட்டப்படுகிறது. இறப்பால் ஒருவர் இழப்பது எதை என்னும் வினாவுக்குப் பதிகம் தரும் விடை ஓர் ஊரும் அதன் ஓராண்டுச் சுழற்சியும் ஆகும். மயிலாப்பூரில் இன்றும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளன்று பூம்பாவை உயிர்பெற்ற நிகழ்ச்சி நடத்திக் காட்டப்படுகிறது. அன்று பிற்பகலில் அறுபத்துமூவர் வீதியுலா வருகின்றனர். காணுதலை மையமாகக் கொண்ட இம்மரபு இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. கபாலியின் பவனியைக் காண இரு கண்கள் போதா என்னும் பொருளில் பாபநாசம் சிவன் காம்போதி இராகத்தில் இயற்றிய கீர்த்தனை, மாடவீதியில் நின்று பாடும் ஒருவரின் குரலாகவே ஒலிக்கிறது.

2. ஊர்கள் நகரத்தின் உறுப்புகளாதல்

பக்தி இலக்கியத்தில் ஒவ்வொரு தலமும் தன்னளவில் முழுமையானது. திருவொற்றியூரைப் பாடும் சுந்தரருக்கு அது சங்கிலியாரை மணந்த ஊர். பிரிய மாட்டேன் என்று சொன்ன சூளுறவை மீறியதால் கண்ணொளி இழந்த வரலாற்றோடு பிணைந்த ஊர். அவ்வூரை இன்னொரு பெரிய ஊரின் பகுதியாகச் சுட்டும் தேவை அவருக்கு எழவில்லை. இதற்கு ஒரு விலக்கைத் திருமங்கையாழ்வாரிடம் காண்கிறோம். பெரிய திருமொழியில் திருவல்லிக்கேணியைப் பாடும் பாசுரங்கள் அதனை மயிலையோடு இணைத்தே குறிப்பிடுகின்றன. இங்கு மயிலை பெரிய ஊராகவும் அல்லிக்கேணி அதனுள் அடங்கிய இடமாகவும் அமைகின்றன. ஓர் இடத்தை அதைவிடப் பெரிய இடத்தின் பெயரால் அடையாளப்படுத்தும் முறைக்கு இது மிகப் பழைய சான்று.

சென்னை என்னும் பெயர் இவ்வாறு பெரிய இடத்தின் பெயராகப் பக்திப் பாடலுக்குள் வருவதை இராமலிங்க அடிகளிடம் தெளிவாகக் காணலாம். 1823இல் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே சென்னைக்கு வந்து, 1858இல் அங்கிருந்து புறப்படும்வரை ஏழுகிணறு வட்டாரத்தில் வாழ்ந்தார். கந்தகோட்டத்து முருகன்மீது அவர் பாடிய தெய்வமணிமாலை 31 பாடல்களைக் கொண்டது. ஒவ்வொரு பாடலின் இறுதியிலும் சென்னையின் பெயரும் கந்தகோட்டத்தின் பெயரும் அடுத்தடுத்து வருகின்றன. சென்னை அறம் மிகுந்த நகர் என்னும் அடையையும் பெறுகிறது. வணிகத்தால் வளர்ந்த ஒரு கும்பினி நகரத்துக்கு 31 முறை இந்த அடை தரப்படுவதை வழக்கமான புகழ்ச்சி என்று ஒதுக்குவது எளிது. ஆனால், அந்நகரின் நெரிசல் மிகுந்த தெருக்களில் வளர்ந்த ஒருவர், தம் தெய்வத்தின் இருப்பிடத்தை முதலில் நகரின் பெயராலும் பின்னர்க் கோயிலின் பெயராலும் சுட்டுகிறார் என்பது கவனத்துக்குரியது. தலம் இங்கு நகரத்துக்குள் இருக்கிறது. வெளியூரார்க்கு அதைக் காட்ட நகரத்தின் பெயர் தேவைப்படுகிறது. அதே அடிகள் திருவொற்றியூர் அம்மையைப் பாடிய வடிவுடை மாணிக்கமாலையில் ஒற்றி என்னும் பெயர் தனித்தே நிற்கிறது. அன்று திருவொற்றியூர் நகருக்கு வெளியே இருந்த ஊர். அது சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது 2011இல்தான்.

தமிழல்லாத பாடல்களும் இந்நிலப்பரப்பில் உண்டு. தியாகராசர் திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரிமீது ஐந்து தெலுங்குக் கீர்த்தனைகள் இயற்றினார். தொண்டியிலிருந்து வந்து வடசென்னையில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு தமிழில் சூஃபிப் பாடல்கள் பாடினார். அவர் அடக்கமான இடம் இராயபுரத்தில் உள்ளது. ‘தொண்டியார்’ என்ற அவரது அழைப்புப் பெயரே தண்டையார்பேட்டை என்னும் பெயருக்கு மூலம் என்பது மக்கள் வழக்கு. இங்குப் பாடகரின் பெயரே பகுதியின் பெயராகக் கருதப்படுகிறது. பகுதியும் பாடலும் ஒன்றையொன்று பெயரிட்டுக்கொள்ளும் உறவுக்கு இவ்வழக்கு ஓர் எடுத்துக்காட்டு.

3. வந்தவர் காணும் நகரம்

திரைப்படம் பரவியபின் சென்னைப் பாடல் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவரின் பாடலாயிற்று. கே. பாலசந்தர் இயக்கிய ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) படத்தில் நாகேஷ் தோன்றும் ‘மெட்ராஸ் நல்ல மெட்ராஸ்’ பாடல் இவ்வகையின் முன்மாதிரி. கண்ணதாசன் எழுதி, எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்து, டி. எம். சௌந்தரராஜன் பாடியது. இதில் நகரம் தனித்தனிப் பகுதிகளின் கூட்டாக அன்றி ஒரே பொருளாகப் பார்க்கப்படுகிறது. மெதுவாக நடப்போர் இல்லை, செம்மையாகத் தமிழ் பேசுவோர் இல்லை என்பன வந்தவரின் கிண்டல்கள். 1994இல் வெளிவந்த ‘மே மாதம்’ படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையில் அமைந்த ‘மெட்ராஸ சுத்திப் பார்க்கப் போறேன்’ பாடலில் கிண்டல் குறைந்து ஆவல் மிகுகிறது. மெரினாவும் கலங்கரை விளக்கமும் இங்கு இடப்பெயர்களாக வருகின்றன. ஆனால், அவை பார்க்க வேண்டியவற்றின் பட்டியலாகவே நிற்கின்றன.

சம்பந்தரின் பட்டியலும் இதுவும் காணுதலைப் பற்றியவையே. ஆயினும் முன்னதில் காண வேண்டியவள் அவ்வூர்க்காரி. பின்னதில் காண்பவர் புதியவர். முன்னதில் காணாமற்போவது இழப்பு. பின்னதில் காண்பது களிப்பு. எனவே, இடங்களை அடுக்கிச் சொல்லும் உத்தி ஒன்றாக இருப்பினும் இடப்பெயரின் பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் இரண்டையும் நகர வருணனை என்னும் ஒரே தலைப்பில் வைப்பது பொருந்தாது.

1967ஆம் ஆண்டுப் பாடலில் வரும் மொழி பற்றிய கிண்டல் தனியே நோக்கத்தக்கது. செம்மையற்ற தமிழ் என்று வந்தவர் எதைச் சொல்கிறாரோ, அதுவே நகரின் உழைக்கும் மக்களது நாவில் வழங்கும் தமிழ். அத்தமிழில் அவர்கள் அக்காலத்திலும் பாடிக்கொண்டுதான் இருந்தனர். அப்பாடல் திரைக்கும் அச்சுக்கும் வரவில்லை என்பதே வேறுபாடு.

4. முகவரியாகும் பேட்டை

பேட்டை என்னும் சொல் சந்தையோடு கூடிய குடியிருப்பைக் குறிக்கும். 1730களில் நெசவாளரைக் குடியமர்த்தி உருவாக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டைபோல், நகரின் பல பேட்டைகள் தொழிலையொட்டி எழுந்தவை. வண்ணாரப்பேட்டை தன் பெயரிலேயே தொழிலை ஏந்தி நிற்கிறது. துறைமுகம், பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை, தொடர்வண்டிப் பணிமனைகள் ஆகியவற்றுக்கு வேலை தேடி வந்தோர் இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு முதலிய இடங்களில் வாழ்ந்தனர். இவர்களுள் பெரும்பகுதியினர் தலித் மக்களும் மீனவரும் ஆவர். இம்மக்களிடையே உருவாகி வளர்ந்த பாட்டு வடிவமே கானா.

கானா பல சூழல்களில் பாடப்படும். காதல், நகைச்சுவை, நட்பு, வேலை ஆகிய அனைத்தும் அதன் பாடுபொருள்கள். ஆயினும், பாடுவோரிடையே தனி மதிப்புப் பெறுவது இறப்புச் சூழலில் பாடப்படும் மரண கானா. இறந்தவரின் வீட்டுவாசலில் இரவு முழுவதுமோ பதினாறாம் நாள் நினைவிலோ இது நிகழும். தாளத்துக்குத் தோலக் முதல் கையில் கிடைக்கும் பாத்திரம்வரை பயன்படும். இறந்தவரின் பெயர், அவர் வாழ்ந்த தெரு, செய்த தொழில், கூடித் திரிந்த நண்பர்கள், விட்டுச்சென்ற பிள்ளைகள் ஆகியோரை இணைத்து அந்த இரவுக்கென்றே பாடகர் சொற்களை அமைப்பார். பல இடங்களில் பாடல் இறந்தவரையே விளிக்கும்.

இங்கு வரும் இடப்பெயர் தலமும் அன்று, காட்சியும் அன்று. கேட்போர் அனைவரும் அத்தெருவில் வாழ்பவர்கள். அவர்களுக்கு அதைக் காட்ட வேண்டிய தேவை இல்லை. அப்பெயர் இறந்தவர் இன்னாரெனச் சொல்கிறது. பட்டாவோ நிலையான வீட்டு எண்ணோ இல்லாத குடியிருப்புகளில் வாழ்ந்தோர்க்கு, அவர்கள் அவ்விடத்துக்கு உரியவர்கள் என்பதைப் பலரறியச் சொல்லும் ஆவணமாக அந்த இரவின் பாடல் விளங்குகிறது. இதனாலேயே இதனை ‘முகவரி’ எனக் குறிப்பிட்டோம்.

பூம்பாவைப் பதிகமும் மரண கானாவும் சமயம், மொழிநடை, சமூக நிலை, காலம் ஆகிய அனைத்திலும் வேறுபட்டவை. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது எனக் கூறுவதற்கு இடமில்லை. எனினும், சூழலில் ஓர் ஒப்புமை உண்டு. இரண்டிலும் கேட்பவராக முன்வைக்கப்படுபவர் இறந்தவர். இரண்டிலும் அவரிடம் சொல்லப்படுவது அவர் வாழ்ந்த இடம். பதிகத்தில் அவர் திரும்புகிறார்; கானாவில் திரும்புவதில்லை. அதனால் கானாவில் இடப்பெயர் அழைப்பாக இல்லாமல் சாட்சியாக நிற்கிறது.

இவ்வடிவம் திரைக்கு வந்தபோது நேர்ந்த மாற்றமும் குறிப்பிடத்தக்கது. தேவாவின் இசையிலும், ‘சித்திரம் பேசுதடி’ (2006) படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன்களின் திருமணப் பாடலிலும் கானாவின் நகைச்சுவைக் கூறு பரவலாக அறிமுகமாயிற்று. இரங்கல் கூறு பிற்பட்டே கவனம் பெற்றது. வடசென்னைக் குடியிருப்பு ஒன்றைக் களமாகக் கொண்ட பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) படத்தில் கொலையுண்ட நண்பனுக்காகக் கானா பாலாவின் இரங்கற்பாடல் ஒலிக்கிறது. இங்கு இறந்தவர் கதைமாந்தர் என்பதால் பாடலில் தெருவும் உறவும் கதைக்குரியனவாகிவிடுகின்றன. ஆனால், நகரத்தை உள்ளிருந்து பார்க்கும் பார்வை வெகுமக்கள் திரைப்படத்துக்குள் வந்துவிட்டது.

5. புறம்போக்கும் பாடலும்

அண்மைக் காலத்தில் இரு முயற்சிகள் இம்மூன்று வகைகளின் எல்லைகளையும் கடந்துள்ளன. 2017இல் வெளியான ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவைப் பேசுகிறது. கபேர் வாசுகி எழுதிய இதனை டி. எம். கிருஷ்ணா கருநாடக இசையில் இராகமாலிகையாகப் பாடினார். வரி விதிப்புக்கு உட்படாத பொதுநிலத்தைக் குறிக்கும் புறம்போக்கு என்னும் வருவாய்த்துறைச் சொல் நகரில் வசைச்சொல்லாகத் திரிந்தது. பாடல் அச்சொல்லுக்கு அதன் பழைய பொருளை மீட்டுத் தருகிறது. தலங்களைப் பாடப் பயன்பட்ட இசை, தலமாகக் கருதப்படாத ஓர் உப்பங்கழியை, 1967இல் கிண்டலுக்குள்ளான அதே தமிழில் பாடியது.

2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவை ராக், ராப் ஆகியவற்றோடு இணைத்து மேடையேற்றியது. இராயப்பேட்டையிலிருந்து 1907 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்திய அயோத்திதாசரின் சாதிபேதமற்ற தமிழர் என்னும் கருத்தாக்கமே அக்குழுவின் பெயருக்கு அடிப்படை. இறப்பு வீட்டு வாசலில் ஓரிரவு ஒலித்த குரல், நகரின் முன் தன் உரிமையைப் பேசும் குரலாக இங்கு மாறுகிறது.

6. தொகுப்போர் கருத வேண்டியவை

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகள் கட்டித்தருவது முதன்மை நோக்கமாக இருந்தது. 2000க்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்விளிம்பில் பெருங்குடியிருப்புகள் எழுந்தன. 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளிலிருந்து பல குடும்பங்கள் அங்கு மாற்றப்பட்டன. தெருவின் பெயரையும் நண்பர் குழுவையும் ஆதாரமாகக் கொண்ட ஒரு பாட்டு வடிவத்துக்கு இவ்விடப்பெயர்வு மிகப் பெரிய மாற்றம். ‘பிளாக்’ எண்ணால் அறியப்படும் வீட்டில் ஒருவர் இறக்கும்போது, பாடகர் எந்த இடத்தின் பெயரைச் சொல்வார்? பழைய கரையையா, புதிய எண்ணையா? இவ்வினாவுக்குக் களத்தில்தான் விடை காண முடியும். விடை எதுவாயினும், அது நகரத்தைப் பற்றிய சான்றாக அமையும்.

இதுவரையிலான கானாத் தொகுப்புப் பணிகளில் சொற்களைப் பெயர்த்தெழுதுவதற்கே முதன்மை தரப்படுகிறது. பாடலுக்குள் இடப்பெயர் செய்யும் பணி மேற்கண்டவாறு சூழலைச் சார்ந்தது எனில், சொற்களை மட்டும் பதிவது போதாது. எந்நாள், எந்நிகழ்வு, எத்தெரு, பாடியவருக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு, கேட்டவர் யார் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். குடும்பத்தாரின் இசைவு பெற்ற பின்னரே பதிவு செய்ய வேண்டும். இறந்தவரின் பெயரை வெளியிடுவதா மறைப்பதா என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். மொழியைத் ‘திருத்தி’ எழுதும் பழக்கமும் கைவிடத்தக்கது. திருத்தப்பட்ட கானாவில் மிஞ்சுவது வந்தவரின் காதுக்கு ஏற்ற ஒலியே ஆகும்.

நிறைவுரை

சென்னையைப் பாடிய பாடல்களில் ஒரே இடப்பெயர், பாடுபவரையும் கேட்பவரையும் பொறுத்துத் தலமாகவும் காட்சியாகவும் முகவரியாகவும் பொருள்படுவதைக் கண்டோம். தல மரபு திருமுறைகளாகவும் திவ்வியப் பிரபந்தமாகவும் தொகுக்கப்பட்டுக் காக்கப்பட்டது. காட்சி மரபை இசைத்தட்டும் திரைச்சுருளும் காத்தன. முகவரி மரபுக்கு அத்தகைய காப்பு அமையவில்லை. அது பாடப்பட்ட தெருவிலேயே தங்கியிருந்தது. அத்தெருக்களே இடம்பெயரும் காலத்தில், இப்பாடல்களைச் சூழலோடு பதிவு செய்வது தமிழாய்வின் உடனடிக் கடமைகளுள் ஒன்றாகும். பூம்பாவையின் பெயரும் அவளது மயிலையும் பதிகத்தால் நமக்குக் கிடைத்துள்ளன. வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் பாடப்பெற்றோர் பலரின் பெயர்களும் தெருக்களும் அவ்விரவுகளைக் கேட்டவர்களின் நினைவில் மட்டுமே இன்று உள்ளன.